ஹாலே நகரின் மார்க்ட்கிர்ஷே தேவாலயமும் சுற்றியுள்ள இடங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெர்மனிக்குச் சுற்றுலா வரும் நம்மவர்களின் பட்டியலில் பெர்லின் இருக்கும், மியூனிக் இருக்கும், கொலோன் பேராலயமும் இருக்கும். ஹாலே இருப்பது அபூர்வம். தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவருக்கு ஜெர்மனியில் ஒரே ஒரு பழைய தேவாலயத்தையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் பார்க்கத்தான் நேரம் இருக்கிறதென்றால், அவர் ஹாலேயின் சந்தைச் சதுக்கத்துக்குத்தான் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்பது பதில்களைப் படிக்கும்போது புரியும்.

ஜெர்மனியில் இரண்டு ஹாலே இருக்கிறதாமே, எது இது?

ஸாலே ஆற்றங்கரையில் இருக்கும் ஹாலே. சாக்சனி-அன்ஹால்ட் மாநிலத்தின் பெரிய நகரங்களில் ஒன்று. டிக்கெட் எடுக்கும்போது ஊர்ப்பெயருக்குப் பக்கத்தில் ஸாலே என்று இருக்கிறதா என்று பாருங்கள். டென்னிஸ் போட்டிக்குப் பெயர் பெற்ற இன்னொரு ஹாலே, நாட்டின் மேற்கே வெஸ்ட்ஃபாலியாவில் இருக்கிறது.

எப்படிப் போவது?

லைப்சிக் நகரிலிருந்து எஸ்-பான் என்ற புறநகர் ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். பெர்லினிலிருந்து ஐசிஇ விரைவு ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். லைப்சிக்-ஹாலே விமான நிலையம் இரண்டு ஊர்களுக்கும் நடுவில் இருப்பதால், அங்கே இறங்குகிறவர்கள் எஸ்-பான் பிடித்து நேராக வரலாம். உள்ளூர், வட்டாரப் போக்குவரத்துக்கு நாடு முழுக்கச் செல்லும் மாதச் சீட்டான டாய்ச்லாண்ட் டிக்கெட் வைத்திருந்தால் எஸ்-பானுக்கும் ஊருக்குள் டிராமுக்கும் அதுவே போதும். ஐசிஇ-க்கு அது செல்லாது.

ஹாலே ரயில் நிலையத்திலிருந்து சதுக்கத்துக்கு டிராம் நிறைய உண்டு. ஆனால் நடந்து வருவதே நல்லது. லைப்சிகர் தெரு வழியாக வந்தால் கால் மணி நேரம் ஆகும். பழைய நகரக் காவல் கோபுரமான லைப்சிகர் டுர்ம் வழியிலேயே வரும். அப்புறம் கடைத்தெரு. அது முடியும் இடத்தில் சதுக்கம் சட்டென்று விரியும்.

ஒரு தேவாலயத்துக்கு எதற்கு நான்கு கோபுரங்கள்?

முதலில் அங்கே இருந்தவை இரண்டு தேவாலயங்கள். மேற்கே புனித கெர்ட்ரூட் ஆலயம், கிழக்கே புனித மரியாள் ஆலயம், இரண்டும் கிட்டத்தட்ட ஒட்டினாற்போல் நின்றன. 1529-இல் இரண்டின் கூடங்களையும் இடித்தார்கள், கோபுரங்களை மட்டும் விட்டுவைத்தார்கள். மேற்கு ஜோடிக்கும் கிழக்கு ஜோடிக்கும் இடையே புதிய நீண்ட கூடம் ஒன்று எழுந்தது. கட்டி முடிக்க 1554 ஆகிவிட்டது. மேற்கில் கூர்மையான ஊசி முனைகளோடு நிற்பவற்றை நீலக் கோபுரங்கள் என்கிறார்கள். கிழக்கில் இருப்பவை ஹவுஸ்மன் கோபுரங்கள். அவை இரண்டையும் உயரத்தில் ஒரு சிறிய பாலம் இணைக்கிறது. சதுக்கத்தில் தனியாக நிற்கும் சிவப்புக் கோபுரத்தையும் சேர்த்து, ஹாலேயை ஐந்து கோபுர நகரம் என்பார்கள்.

இதைக் கட்டச் சொன்னவர் யார் என்பது கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். கர்தினால் ஆல்பிரெக்ட், மைன்ஸ் நகருக்கும் மாக்டபர்க் நகருக்கும் பேராயர். பாவமன்னிப்புச் சீட்டு விற்பனைக்கு அனுமதி கொடுத்து, 1517-இல், கத்தோலிக்கத் திருச்சபையைச் சீர்திருத்தக் கிளம்பிய துறவி மார்ட்டின் லூத்தர் தன் 95 வாதங்களை எழுதக் காரணமானவர் இவர்தான். லூத்தர் அந்த வாதங்களை அனுப்பியதும் இவருக்குத்தான். சீர்திருத்த அலை பரவிக்கொண்டிருந்த நேரத்தில், தனக்குப் பிடித்த இந்த ஊரில் கத்தோலிக்க நம்பிக்கையை நிலைநிறுத்தும் பெரிய ஆலயம் வேண்டும் என்று நினைத்தார். ஆனால் வேலை முடியும் முன்பே, 1541-இல், லூத்தரின் நண்பர் யுஸ்டுஸ் யோனாஸ் இதே ஆலயத்தில் சீர்திருத்தப் பிரசங்கம் செய்தார். ஆல்பிரெக்ட் அதற்கு முன்பே ஊரைவிட்டுப் போயிருந்தார். 1545-லும் 1546-லும் லூத்தரே இங்கே வந்து பிரசங்கித்தார்.

உள்ளே போனால் முதலில் எதைப் பார்ப்பது?

வாசலைத் தாண்டியதும் ஒரு நிமிடம் நின்று மேலே பாருங்கள். தூண்களிலிருந்து கிளம்பும் கல் நரம்புகள் கூரை முழுக்க வலைப்பின்னலாகப் பரவியிருக்கும். கூடத்தை நடுவே மறிக்கும் சுவர் எதுவும் இல்லை. கோதிக் என்ற இடைக்காலக் கட்டடப் பாணியில் ஜெர்மனியில் பிற்காலத்தில் எழுந்தவற்றில் கடைசி வரிசையில் வருவது இது. ஆனால் பக்கவாட்டு மாடங்களில் கட்டடக் கலைஞர் நிக்கல் ஹோஃப்மன் செய்த கல்வேலையில் மறுமலர்ச்சிக் காலத்துப் பாணி வந்துவிட்டது. ஒரு காலம் முடிந்து இன்னொன்று தொடங்குவதை ஒரே கூரையின் கீழ் பார்க்கலாம்.

அடுத்து பலிபீடத்துக்குப் போங்கள். லூத்தர் காலத்து ஓவியர் கிரானாக்கின் பட்டறையைச் சேர்ந்தவர்கள் தீட்டிய மடிப்புப் பலகை ஓவியம் அது. நடுவில் குழந்தையோடு மரியாள். கீழே மண்டியிட்டிருப்பவர் கர்தினால் ஆல்பிரெக்ட். லூத்தரன் சபை ஆலயத்தைத் தன்வசம் எடுத்த பிறகும் இந்த ஓவியத்தை அகற்றவில்லை. லூத்தர் எதிர்த்த மனிதரின் முகம் லூத்தரன் ஆலயத்தின் பலிபீடத்தில் இன்றும் இருக்கிறது. எனக்கு இந்த ஆலயத்திலேயே மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

லூத்தரின் இறந்த முகம் அங்கே இருக்கிறது என்கிறார்களே, உண்மையா?

லூத்தர் 1546 பிப்ரவரி 18-ஆம் தேதி ஐஸ்லேபன் ஊரில் இறந்தார். உடலை விட்டன்பர்க் கொண்டுபோகும் வழியில் ஒரு இரவு இந்தத் தேவாலயத்தில் வைத்திருந்தார்கள். அவருடைய முகத்தையும் கைகளையும் எடுத்த மெழுகு அச்சுகள் ஆலயத்தின் ஒரு தனி அறையில் இருக்கின்றன.

ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். 17-ஆம் நூற்றாண்டில் இந்த முகத்தையும் கைகளையும் வைத்து ஒரு முழு உருவம் செய்தார்கள். உடுப்பு மாட்டி, மேசை முன் உட்கார்த்தி, ஆலயத்தின் நூலகத்தில் வைத்திருந்தார்கள். அதற்காகக் கண்களைத் திறந்த மாதிரி மாற்றினார்கள். 20-ஆம் நூற்றாண்டில்தான் அந்த உருவத்தைப் பிரித்தார்கள். ஆகவே இப்போது தெரியும் முகம் பல கைகள் பட்டது. கைகளின் அச்சைக் கூர்ந்து பாருங்கள். முகத்தைவிட அவைதான் மனதில் நிற்கும்.

இசை ரசிகர்கள் எதற்காக இங்கே வருகிறார்கள்?

இசையமைப்பாளர் ஜார்ஜ் ஃப்ரிட்ரிக் ஹாண்டல் ஹாலேயில் 1685 பிப்ரவரி 23-ஆம் தேதி பிறந்தார். மறுநாளே இந்த ஆலயத்தில் ஞானஸ்நானம். அந்த வெண்கலத் தொட்டி 1430-இல் வார்க்கப்பட்டது, இப்போதும் இருக்கிறது. பலிபீடத்துக்கு மேலே உயரத்தில் ஒரு சிறிய ஆர்கன், அதாவது குழாய்களில் காற்று புகுந்து ஒலிக்கும் இசைக்கருவி, தெரியும். 1660-களில் கெயோர்க் ரைக்கல் செய்தது. ஹாண்டலின் ஆசிரியர் ட்சாகோ இந்த ஆலயத்தின் ஆர்கன் கலைஞர். சிறுவன் ஹாண்டல் வாசித்துப் பழகியது அந்தச் சிறு ஆர்கனில்தான்.

எதிர்ப்பக்கம் இருக்கும் பெரிய ஆர்கனின் முகப்பு 1716-இல் முடிந்தது. உள்ளே இருக்கும் கருவி 1984-இல் வைத்தது. ட்சாகோ இறந்த பிறகு 1713-இல் அந்த வேலையை இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாக்குக்குக் கொடுக்க முன்வந்தார்கள். அவர் கடைசியில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆனாலும் 1716-இல் புதிய ஆர்கனைச் சோதித்துச் சான்று தரும் மூவரில் ஒருவராக அவரையே அழைத்தார்கள். சோதனை முடிந்து நடந்த விருந்தின் உணவுப் பட்டியல்கூடக் கிடைத்திருக்கிறது. மாட்டிறைச்சி, ஆற்று மீன், பட்டாணி, உருளைக்கிழங்கு, அஸ்பாரகஸ், சர்க்கரைப் பாகில் போட்ட எலுமிச்சைத் தோல் என்று நீண்டுகொண்டே போகும். பின்னாளில் பாக்கின் மூத்த மகன் வில்ஹெல்ம் ஃப்ரீடமன் 1746 முதல் 1764 வரை இங்கே வேலை பார்த்தார்.

ஆர்கன் கச்சேரி நடக்கும் நாளில் வர முடிந்தால் அதற்கேற்ப உங்கள் திட்டத்தை மாற்றிக்கொள்ளுங்கள். அந்தக் கூடம் ஒலியால் நிரம்புவதைக் கேட்காமல் பார்த்துவிட்டு மட்டும் போவது பாதிப் பயணம்தான்.

கிறிஸ்தவர் அல்லாதவர்கள் போகலாமா? செருப்பு, உடை, கட்டணம்?

யாரும் போகலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். செருப்பைக் கழற்றத் தேவையில்லை. ஆண்கள் தொப்பியை எடுத்துவிடுவது மரியாதை. உடைக்குக் கண்டிப்பான விதி இல்லை. ஆனால் கல் கட்டடம், கோடையிலும் உள்ளே குளிரும், ஒரு மேல்சட்டை வைத்துக்கொள்ளுங்கள். லூத்தர் அச்சுகள் இருக்கும் அறைக்குச் சிறிய கட்டணம் இருக்கும், சில்லறை வைத்திருங்கள். உண்டியலிலும் ஏதாவது போடுங்கள், இவ்வளவு பழைய கூரையைப் பராமரிப்பது எளிதல்ல. ஆராதனை நடக்கும்போது சுற்றிப் பார்ப்பதும் படம் எடுப்பதும் வேண்டாம். பின்வரிசையில் அமைதியாக உட்கார்ந்திருந்தால் யாருக்கும் ஆட்சேபணை இருக்காது.

கோபுரத்தில் ஏறலாமா?

ஹவுஸ்மன் கோபுரங்களில் வழிகாட்டியோடு ஏறலாம். சதுக்கத்திலேயே மார்க்ட்ஷ்லோஸ்சன் என்ற பழைய கட்டடத்தில் சுற்றுலாத் தகவல் மையம் இருக்கிறது, நேரத்தையும் இடத்தையும் அங்கே கேட்டுக்கொள்ளுங்கள். தீ பிடித்தால் ஊரை எச்சரிக்க 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரைகூட மேலே காவலர் குடும்பம் வசித்தது. அவர்களுடைய அறையையும் பாலத்தையும் காட்டுவார்கள். படிகள் குறுகலானவை. முழங்கால் வலி உள்ளவர்கள் தவிர்த்துவிடலாம்.

சதுக்கத்தில் வேறென்ன?

சிவப்புக் கோபுரம். 1418-இல் தொடங்கி 1506-இல் முடித்தார்கள், உயரம் 84 மீட்டர். 1945 ஏப்ரலில் பீரங்கித் தாக்குதலில் உச்சி எரிந்துபோனது. 1970-களில் திரும்பக் கட்டினார்கள். இப்போது அதில் 76 மணிகள் கொண்ட மணியிசைக் கருவி இருக்கிறது. கோபுரத்தின் அடியில் வாளோடு நிற்கும் ரோலண்ட் சிலை, நகரத்தின் நீதி உரிமைக்கு அடையாளம். நடுவில் ஹாண்டலின் வெண்கலச் சிலை, அவர் இறந்து 100 ஆண்டு ஆனபோது 1859-இல் வைத்தது.

தேவாலயத்துக்குப் பின்னால் படி இறங்கினால் ஹால்மார்க்ட் என்ற இன்னொரு சதுக்கம். இந்த ஊர் பிழைத்ததே இங்கிருந்த உப்பு ஊற்றுகளால்தான். உப்பு காய்ச்சியவர்களும் வணிகர்களும் சேர்த்த பணம் மேலே கல்லாக நிற்கிறது. ஆலயத்தை ஒட்டியுள்ள மரியன் நூலகம் 1552-இல் தொடங்கியது. புத்தகப் பித்து உள்ளவர்கள் திறந்திருக்கும் நேரத்தை விசாரித்துப் பாருங்கள்.

ஹாலேக்கும் தமிழுக்கும் உண்மையிலேயே என்ன தொடர்பு?

தேவாலயத்திலிருந்து தெற்கே பத்து நிமிடம் நடந்தால் ஃபிராங்கே அறக்கட்டளை வளாகம் வரும். ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே என்ற பாதிரியார் 1698-இல் அனாதைக் குழந்தைகளுக்காக அடிக்கல் நாட்டிய இடம். பிள்ளைகளுக்குப் பள்ளி, மருந்தகம், அச்சகம், புத்தகக் கடை என்று ஒரு சிறு நகரமாகவே வளர்ந்தது. 1727-இல் அவர் இறந்தபோது 2,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் இங்கே படித்துக்கொண்டிருந்தார்கள்.

ஹாலேயில் கொஞ்ச காலம் படித்தவர் பர்த்தலோமேயு சீகன்பால்கு. டென்மார்க் மன்னர் நான்காம் ஃப்ரெடெரிக் கிறிஸ்தவ சமயம் பரப்ப அனுப்ப, புளூட்சோ என்ற தோழரோடு 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அப்புறம் தமிழ் கற்றார், ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். தரங்கம்பாடியில் அச்சகம் வைக்க வேண்டும் என்று அவர் கேட்டபோது, தமிழ் எழுத்துகளை வார்த்து அனுப்பியது ஹாலே. தமிழ் அச்சு இதற்கு முன்பே உண்டு. கொல்லத்தில் 1578-இலேயே தம்பிரான் வணக்கம் வெளிவந்துவிட்டது. ஆனால் அந்த முயற்சிகள் தொடரவில்லை. 1713-இல் தரங்கம்பாடிக்கு வந்த ஹாலே எழுத்துகளிலிருந்து வேலை தொடர்ந்து நடந்தது. அந்த எழுத்துகள் பெரிதாக இருந்து காகிதத்தை விழுங்கின. அதனால் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் அச்சாகி முடிந்தது.

சீகன்பால்கு ஐரோப்பாவுக்குப் போனபோது மலையப்பன் என்ற தமிழர் உடன் வந்தார். 1716-இல் சீகன்பால்கு லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் ஹாலேயில், இந்த அனாதை இல்லத்தின் அச்சகத்திலேயே வெளிவந்தது. அதில் தமிழ் எழுத்துகளும் அச்சாகியிருக்கின்றன. ஜெர்மனியின் நடுவில், மாயவரம் பக்கத்துக் கடற்கரையில் பேசும் மொழிக்கு இலக்கணம் அச்சிட்டிருக்கிறார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713-இல் சீகன்பால்கு விரிவாக எழுதி அனுப்பிய நூலை ஃபிராங்கே அச்சிடவில்லை. பிற சமயத்தை ஒழிக்கப் போனவர் அதை ஐரோப்பாவில் பரப்புவதா என்பது அவர் எண்ணம். அந்த நூல் 1867-இல்தான் சென்னையில் அச்சேறியது. நம் முன்னோர்களின் வழிபாட்டைப் பற்றி ஒரு வெளிநாட்டவர் கேட்டுக் கேட்டு எழுதிய பதிவு ஒன்றரை நூற்றாண்டு காத்திருந்தது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

தஞ்சையில் சரபோஜி மன்னருக்குப் பாதுகாவலர்போல் இருந்த சுவார்ட்ஸ் பாதிரியார் தமிழைக் கற்கத் தொடங்கியதும் ஹாலேயில்தான். தமிழ் அகராதியால் நமக்குத் தெரிந்த பப்ரிசியஸும் இங்கே படித்தவர்.

ஓலைச்சுவடிகளை நேரில் பார்க்க முடியுமா?

வளாகத்துக்குள் நடக்கக் கட்டணம் இல்லை. பழைய அனாதை இல்லக் கட்டடத்துக்கு டிக்கெட் எடுத்து, மேல்தளத்திலிருக்கும் அரும்பொருள் அறைக்குப் போங்கள். 18-ஆம் நூற்றாண்டில் அடுக்கிய முறையிலேயே சுமார் 3,000 பொருட்கள் வண்ண அலமாரிகளில் இருக்கின்றன. கூரையிலிருந்து ஒரு முதலை தொங்கும். அலமாரிகளுக்கு இடையே தமிழகக் கடற்கரையிலிருந்து பாதிரிமார் அனுப்பிய பொருட்களைத் தேடுங்கள், ஓலையும் கண்ணில் படும். முக்கியமான சுவடித் தொகுப்பும் தரங்கம்பாடிக் கடிதங்களும் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஆய்வு செய்கிறவர்கள் முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கிக்கொண்டு வருவது நல்லது.

அதே டிக்கெட்டோடு 1728-இல் கட்டி முடித்த நூலகத்தையும் பார்த்துவிடுங்கள். நாடக மேடையின் பக்கத் திரைகளைப்போல அலமாரிகள் இருபுறமும் வரிசையாக நிற்கும். கட்டடத்தின் கூரை மேடையில் ஏறினால் ஐந்து கோபுரங்களும் ஒன்றாகத் தெரியும்.

ஃபிராங்கேயின் கல்லறை எங்கே?

ஷ்டாட்கோட்டஸாக்கர் என்ற பழைய இடுகாட்டில், லைப்சிகர் டுர்முக்கு அருகில். 1557-இல் தொடங்கி, இத்தாலியப் பாணியில் நான்கு பக்கமும் வளைவுகளாகக் கட்டியிருக்கிறார்கள். மொத்தம் 94 வளைவுகள், ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் கல்லறை. ஹாண்டலின் தந்தையும் இங்கேதான். ரயில் நிலையத்துக்குத் திரும்பும் வழியில் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னும் நேரம் இருந்தால்?

ஹாண்டல் பிறந்த வீடு சதுக்கத்திலிருந்து ஐந்து நிமிடம், இப்போது அருங்காட்சியகம். மோரிட்ஸ்பர்க் கோட்டையில் கலைக்கூடம். லயனல் ஃபைனிங்கர் 1929 முதல் 1931 வரை இந்தக் கோட்டையில் தங்கி ஹாலேயை 11 ஓவியங்களில் வரைந்தார், தேவாலயத்தின் கோபுரங்களும் அவற்றில் உண்டு.

ஒன்றுதான் முடியும் என்றால் மாநிலத் தொல்லியல் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். நெப்ரா வான்தட்டு அங்கே இருக்கிறது. 32 சென்டிமீட்டர் அகல வெண்கலத் தட்டில் தங்கத்தால் பிறையும் விண்மீன்களும் பதித்து, சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் மண்ணில் புதைத்தது. 1999-இல் புதையல் வேட்டைக்காரர்கள் சட்டவிரோதமாகத் தோண்டி எடுத்தார்கள். 2002-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் போலீசார் மீட்டார்கள்.

எந்தக் கிழமை நல்லது?

வியாழன் முதல் சனி வரை. திங்களன்று பெரும்பாலான அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும். மோரிட்ஸ்பர்க்குக்கு வழக்கமாகப் புதன் விடுமுறை. ஞாயிறன்று கடைகள் திறக்காது. ஹாண்டல் இசை விழா மே கடைசியிலிருந்து ஜூன் வரை நடக்கும், அப்போது தங்குமிடத்தை முன்பே பதிவு செய்யுங்கள். டிசம்பரில் சதுக்கம் கிறிஸ்துமஸ் சந்தையாகிவிடும். அழகாக இருக்கும், ஆனால் தேவாலயத்தைத் தூரத்திலிருந்து முழுதாகப் பார்க்க இடம் கிடைக்காது.

சாப்பாடு? சைவம் கிடைக்குமா?

கிடைக்கும். சதுக்கத்தைச் சுற்றித் துருக்கி, வியட்நாம், இத்தாலிய உணவகங்கள் இருக்கின்றன. ஃபலாஃபல் எங்கும் உண்டு. தண்ணீர் கேட்டால் சோடா மாதிரி வரும், குமிழ் இல்லாத தண்ணீர் வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள். வீட்டுக்கு வாங்கிப் போக ஹாலோரன் உருண்டைச் சாக்லேட். 1804-இல் தொடங்கிய அந்த ஆலைதான் ஜெர்மனியில் இன்றும் இயங்கும் மிகப் பழைய சாக்லேட் ஆலை. சில வகைகளில் மது கலந்திருக்கும், பெட்டியைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

வயதானவர்களை அழைத்து வரலாமா?

தாராளமாக. தேவாலயம், சதுக்கம், ஃபிராங்கே வளாகம் மூன்றும் கிட்டக் கிட்ட இருக்கின்றன, இடையில் டிராமும் உண்டு. தெருக்களில் உருண்டைக் கல் பாவியிருப்பதால் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தட்டையான, பிடிப்புள்ள காலணி அவசியம்.

இரண்டாவது நாள் இருந்தால் எங்கே போகலாம்?

லூத்தர் பிறந்ததும் இறந்ததும் ஒரே ஊரில், ஐஸ்லேபனில். அங்கும் விட்டன்பர்க்குக்கும் ஹாலேயிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ரயில் உண்டு. தரங்கம்பாடிக் கதையைத் தொடர விரும்புகிறவர்கள் லைப்சிக் போங்கள். ஹாலேயின் பணி தேய்ந்த பிறகு, 1840-களிலிருந்து அதைத் தமிழ்நாட்டில் எடுத்து நடத்தியது லைப்சிக் மிஷன். அங்கே பாக் கடைசிவரை வேலை பார்த்த தாமஸ் தேவாலயமும் இருக்கிறது, அவருடைய கல்லறையும் அதற்குள்ளேயே.

சீகன்பால்கு பிறந்த புல்ஸ்னிட்ஸ் என்ற சிற்றூர் டிரெஸ்டனுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மசாலா மணக்கும் தேன் ரொட்டிக்குப் பெயர் போன ஊர். அதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள்.